துரைக்கு வந்த முதல் மின்னஞ்சல்

ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுக்கு 2003ஆம் ஆண்டு லினக்ஸ் கணினி வந்தது. தோட்ட மேலாளரான துரை, பெரிய கிளாக்கர், தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் மூவர் அறையிலும் திரை வைத்தார்கள். அஞ்சல் சேவையகம் அமைக்கச் சுலக்ஷனாவைத் தற்காலிகமாக எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை கொழும்புத் தலைமை அலுவலகம் அனுப்பும் அஞ்சல் துரையின் திரைக்கு வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் பழைய பேக்ஸ் போதும், அவள் வீட்டுக்குப் போகலாம்.

முதலில் மென்பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சென்ட்மெயிலின் அமைப்புக் கோப்பு, கோழி மாவில் நடந்ததுபோல இருந்தது. மூடிவிட்டு போஸ்ட்ஃபிக்ஸைத் திறந்தாள். அது தேயிலைத் தொழிற்சாலை மாதிரி. கொழுந்தை வாட்டுகிறவர் அரைப்பதில்லை, அரைக்கிறவர் சலிப்பதில்லை அல்லவா? இங்கும் ஒரு சிறு நிரல் அஞ்சலை வாங்கும், இன்னொன்று வரிசையில் வைக்கும், மற்றொன்று உரியவர் பெட்டியில் போடும்.

அத்துடன் வேலை முடிந்திருக்கும். ஆனால் தோட்டத்தில் எதுவும் நேராகத் துரையிடம் போவதில்லை.

"துரைக்கு வாற கடிதம் முதல்ல என்ர மேசைக்குத்தான் வரும், பிள்ளை," என்றார் பெரிய கிளாக்கர் செல்வரத்தினம், யாழ்ப்பாணத்துக்காரர். துரைக்கு வருவதை அவருக்குத் திருப்பிவிட்டாள்.

அடுத்து டீமேக்கர் வீரய்யா வந்தார். "கிளாக்கரய்யாவுக்குத் தேயிலையப் பத்தி என்னா தெரியும்? அவருக்கு வர்றத எனக்கு அனுப்பும்மா."

"உங்களுக்கு வர்றதுங்க?"

"தொரை பாக்காம நான் தொடுவேனா? தொரைக்கே அனுப்பிடு."

வேலை நிரந்தரமாக வேண்டுமே! யாரையும் பகைக்காமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

வெள்ளிக்கிழமை அஞ்சல் வந்தது. துரையிடமிருந்து கிளாக்கருக்கு, அவரிடமிருந்து டீமேக்கருக்கு, அவரிடமிருந்து மறுபடி துரைக்கு. இப்படித் திருப்பும்போதெல்லாம் போஸ்ட்ஃபிக்ஸ் அஞ்சலின் தலைப்பில் 'இன்னாரிடம் சேர்ந்தது' என்று ஒரு வரி எழுதிவைக்கும். துரையின் பெயர் ஏற்கெனவே இருப்பதைக் கண்டதும், இது சுற்றிக்கொண்டிருக்கிறது என்று புரிந்து, அனுப்பியவருக்கே திருப்பிவிட்டது. இல்லாவிட்டால் இன்றுவரை சுற்றியிருக்கும்.

தொலைபேசியை வைத்துவிட்டுத் துரை கத்தினார். "சுலக்ஷனா! அவங்க அனுப்பினது அவங்களுக்கே போச்சாம். பின்னேரம் இன்னொன்னு அனுப்புறாங்க. அதுதான் கடைசி!"

சேவையகத்தின் பதிவுகளைப் படித்த சுலக்ஷனாவுக்குச் சிரிப்பு வந்தது. மூன்று திருப்பங்களையும் அழித்தாள். துரைக்கு வருவதை மூவர் பெட்டியிலும் ஒரே நொடியில் போட்டு, அங்கேயே நிறுத்தும்படி ஒரே வரி எழுதினாள். பிறகு மூவரையும் தனித்தனியே பார்த்து, "உங்களுக்குத்தாங்க மொதல்ல வரும். வெளிய சொல்லிடாதீங்க," என்றாள்.

பின்னேரம் அஞ்சல் வந்தது. கிளாக்கரும் டீமேக்கரும் துரையின் கதவில் முட்டிக்கொண்டார்கள்.

"வழிய விடுங்கய்யா, கொழும்புச் சேதி!"

"அதைத்தான் நானும் கொண்டு வாறன், தள்ளும்!"

இருவரும் ஒரே மூச்சில் சொன்ன சேதி இதுதான்: இது சோதனை அஞ்சல், பதில் தேவையில்லை.

திரையில் அதைப் படித்து முடித்திருந்த துரை, இப்போதுதான் கேட்பவர்போலப் புருவத்தை உயர்த்தினார். "அப்பிடியா!" அவர்கள் போனதும் சுலக்ஷனாவிடம் குனிந்து கேட்டார்.

"எனக்குத்தானே மொதல்ல வந்திச்சி?"

"ஆமாங்க தொரை."

"அப்ப வேலை உனக்குத்தான்."