லண்டன் அண்ணன் போட்ட வோட்டு

என் அண்ணன் இரத்தினவேலுக்குக் கோபம் வந்தால் முகம் சிவக்கும். எனக்குக் கோபம் வந்தால் வாய் நீளும். இரண்டும் ஒரே வீட்டில் ஒரே கிழமையில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று என் கணவர் தங்கத்துரைக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அண்ணனை ஏற்ற எயார்போட்டுக்குப் புறப்படும்போதே, சடங்கு முடியும்வரை அரசியல் கதைக்காதே என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். ஓம் என்றேன். ஓம் என்று சொல்லக் காசா பணமா.

அண்ணன் லண்டனிலிருந்து வந்தது என் மகள் லக்ஷிகாவின் சாமத்தியச் சடங்குக்கு. பிள்ளை பெரியவளானது தை மாதம். இங்கே கனடாவில், அஜக்ஸில் முழங்காலளவு பனிக்குள் யார் தண்ணீர் வார்ப்பது? பள்ளிக்கூட விடுமுறை வரவேண்டும், ஹோல் கிடைக்கவேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே தாய்மாமனுக்குக் கடையை விட்டுவிட்டு வர வசதிப்படவேண்டும். அதனால் ஆடிக்குத் தள்ளி வைத்தோம். தலையில் பாலும் அறுகம்புல்லும் வைத்து முதல் தண்ணீர் வார்ப்பது தாய்மாமன்தான். எனக்கு இருப்பது ஒரே ஒரு அண்ணன். வெள்ளிக்கிழமை காலை வீட்டில் தண்ணீர் வார்ப்பது, சனிக்கிழமை ஹோலில் விழா என்று ஏற்பாடு.

வரவேண்டிய இன்னொருத்தி வரவில்லை. அவள் என் தங்கை மனோரஞ்சிதம். அவளும் லண்டனில்தான் இருக்கிறாள், அண்ணன் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. அவளைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் கோபம் உங்களுக்கு விளங்காது.

தங்கை கலியாணம் செய்து போனது ஜேர்மனிக்கு. அங்கேயே குடியுரிமையும் எடுத்தாள். மகள் தக்ஷிகாவுக்கு ஒன்றரை வயதாக இருக்கும்போது புருசன் மாரடைப்பில் போய்விட்டார். அப்போது அண்ணன்தான் போய், தாயையும் பிள்ளையையும் லண்டனுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். அதை நான் மறுக்கமாட்டேன், செய்த நன்மை நன்மைதான். அந்த நாளில் ஜேர்மன் பாஸ்போட் இருந்தால் போதும், விசா கேட்பாரில்லை. ஐரோப்பா முழுக்க வேலியில்லாத ஒரே வளவு மாதிரி இருந்தது. தங்கை வந்து ஒரு வருசமாகவில்லை, அந்த வளவில் இருப்பதா வெளியேறுவதா என்று இங்கிலாந்தில் ஊரைக் கூட்டி வோட்டு வைத்தார்கள். என் அண்ணன் பிரிட்டிஷ் பிரஜை. வெளியேறவேண்டும் என்று வோட்டுப் போட்டார். அவர் வோட்டுப் போட்டுவிட்டு வந்து சாப்பிட்ட சோற்றை அன்றைக்குச் சமைத்தவள் மனோரஞ்சிதம்.

பிறகு அரசாங்கம் ஒரு கெடு வைத்தது. அங்கே இருக்கிற ஐரோப்பிய நாட்டுப் பிரஜைகள் எல்லோரும் அந்தக் கெடுவுக்குள் விண்ணப்பித்தால் தொடர்ந்து இருக்கலாம். தங்கை அண்ணனிடம்தான் போய்க் கேட்டாள். எங்கள் குடும்பத்தில் கடிதம் வந்தால் பிரிப்பதும் அவர், விளக்கம் சொல்வதும் அவர். கோயில் நிர்வாக சபையில் வேறு இருக்கிறார். அண்ணன் சிரித்தாராம். உது போலந்துக்காரருக்கும் ருமேனியாக்காரருக்கும் வைத்தது, நீ ஏன் அந்தரப்படுகிறாய் என்றாராம். தங்கை பேசாமல் இருந்துவிட்டாள். கெடு முடிந்தது.

அவளுக்கு ஒரு பள்ளிக்கூடக் குசினியில் வேலை. போன வருசம் புதிதாக வந்த மனேஜர் எல்லோருடைய பத்திரங்களையும் கேட்டாள். இவளிடம் காட்ட ஒன்றும் இல்லை. வேலை போனது. பிந்தி விண்ணப்பித்தாள், ஏன் இவ்வளவு நாள் பிந்தியது என்பதற்குத் தகுந்த காரணம் இல்லையென்று திருப்பிவிட்டார்கள். இன்னும் ஒரேயொரு முறை முயற்சி செய்யலாம், வேண்டாமென்று அவளைத் தடுத்தவர் யாரோ அவரே வந்து தன் வாயால் சொன்னால் அதைக் காரணமாக வைக்கலாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறாள். அதுவும் சரிவராவிட்டால் தாயும் மகளும் ஜேர்மனிக்குத் திரும்பவேண்டும். தக்ஷிகாவுக்கு இப்போது பதினொரு வயது. ஜேர்மன் மொழியில் ஒரு சொல் தெரியாது. இடையில் தங்கை நாட்டை விட்டு வெளியே காலெடுத்து வைத்தால் திரும்பி உள்ளே விடுவார்களோ தெரியாது. அதனால்தான் என் பிள்ளையின் சடங்குக்கு அவளால் வரமுடியவில்லை.

அண்ணன் என்ன செய்தார்? வக்கீல் எடுத்த போனை எடுக்கவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று இரண்டு மாதம் சாட்டுச் சொல்லிவிட்டு, பெட்டியைக் கட்டிக்கொண்டு ரொறன்ரோவுக்கு வந்து இறங்கினார், தண்ணீர் வார்க்க!

வியாழக்கிழமை பின்னேரம் எங்கள் கராஜில் கூட்டம் கூடியது. ரொறன்ரோவில் எங்கள் ஆம்பிளைகளுக்குப் பாராளுமன்றம் கராஜ்தான். காரைத் தள்ளி வெளியே விட்டு, மடக்குக் கதிரைகளை விரித்துவிட்டால் உலகப் பிரச்சினை ஒன்றும் தப்பாது. மில்லிக்கனிலிருந்து என் கணவருடைய பழைய சிநேகிதர் நவரட்ணமும் வந்திருந்தார். நான் குசினியில் நின்று வடை சுட்டேன். குசினிக் கதவு கராஜுக்குள் திறக்கும். வேண்டாமென்றாலும் காதில் விழும்.

அண்ணன் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் இடமில்லை, பள்ளிக்கூடத்தில் இடமில்லை, தன் கடைக்கு நேரெதிரே போலந்துக்காரன் கடை போட்டுவிட்டான், எங்கோ இருக்கிறவன் சட்டம் எழுத நாங்கள் ஏன் தலையாட்டவேண்டும் என்று ஒரே பிடி. நவரட்ணம் அதற்கு மேலே போனார். பிரிந்து போகிற உரிமை என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை, ஒரு சனம் தன்பாட்டில் போக நினைத்தால் போகட்டும் என்றார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கனடாவும் இனிக் கதவைச் சாத்தவேண்டும், வருகிறவர்களால் வீட்டு வாடகை ஏறிவிட்டது என்றாரே பார்க்கலாம்! ஒருகாலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்து, பஃபலோ எல்லையில் ஒரு கோட்டுகூட இல்லாமல் நடுங்கிக்கொண்டு நின்று, என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கும்பிட்ட மனிசன் இவர். சட்டியில் கொதித்த எண்ணெய் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு.

என் கணவர் மட்டும் மெல்ல மறுத்தார். இவர் ட்ரக் ஓட்டி டிட்ரொய்ட் போய்வருகிறவர். எல்லையில் ஒரு பேப்பர் கூடினால் அரைநாள் போய்விடும், அந்தச் செலவு கடைசியில் தக்காளிப்பழத்தின் விலையில் வந்து நிற்கும், நாடுகள் பிரிந்து நிற்பதில் ஏழைக்கு ஒரு சதம் மிஞ்சாது என்றார். அதற்கு அண்ணன், ட்ரக்காரருக்கு ட்ரக் கணக்குத்தான் தெரியும் என்று சிரித்தார். பிறகு சொன்ன சொல்தான் என்னை உசுப்பியது.

"இப்ப நாடு சுத்தமாகுது, மச்சான். உரிமை இல்லாமல் ஒளிச்சு நிக்கிறவையை ஒவ்வொருத்தரா அனுப்புறாங்கள்."

அடுப்பை நிறுத்திவிட்டு, வடைத் தட்டோடு கராஜுக்குள் போனேன். தட்டை யாருக்கும் நீட்டவில்லை.

"அனுப்புற ஆக்களிலை எங்கடை மனோரஞ்சிதமும் ஒராள் தானே, அண்ணை?" என்று கேட்டேன்.

அது வேறு கதை என்றார். எப்படி வேறு கதை என்றேன். பெண்டுகளுக்கு இது விளங்காது என்றார். விளங்காதாம்! ஒஷாவாவில் வயோதிபர் இல்லத்தில் நான் ஐந்து நாட்டுச் சனத்தோடு வேலை செய்கிறேன். பிலிப்பைன்ஸ்காரி, ஜமைக்காக்காரி, இரண்டு போலந்துக்காரிகள். எல்லோரும் ஒரே மாதிரித்தான் முதுகு நோகக் கிழவர்களைத் தூக்கிக் கிடத்துகிறோம். யார் எந்த ஊர் என்று அந்தக் கிழவர்கள் ஒருநாளும் கேட்டதில்லை. இதையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். கடைசியில், வக்கீலோடு ஏன் கதைக்கவில்லை என்று நேரே கேட்டேன்.

முகம் சிவந்தது. அவர் குரலைத் தாழ்த்தினார். "நான்தான் பிழையாச் சொன்னனான் எண்டு என்ரை வாயாலை சொல்லச் சொல்லுறியோ? உது வெளியிலை போனால் கோயில்லை என்னை ஆர் மதிப்பினம்?"

தங்கச்சி நடுத்தெருவில் நிற்கிறாள், இந்த மனிசனுக்குத் தன் மதிப்புப் பெரிதாகப் போய்விட்டது. இவ்வளவு வருசமாக எல்லோருக்கும் விளக்கம் சொன்ன வாய், தன் பிழையை ஒருமுறை சொல்ல மாட்டேன் என்கிறது.

"அப்ப நாளைக்கு என்ரை பிள்ளைக்குத் தண்ணி வார்க்க வேண்டாம்," என்றேன்.

நவரட்ணம் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். என் கணவர் எழுந்து என் தோளைப் பிடித்தார், மலர், வார்த்தையை விடாதே என்றார். விட்டாயிற்று. தாய்மாமன் உயிரோடு, அதுவும் வீட்டுக்குள்ளேயே இருக்க, வேறு ஒருவர் தண்ணீர் வார்த்தால் சனம் காலாகாலத்துக்கும் கதைக்கும். அது எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னேன். லக்ஷிகா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, சித்தியை விட்டுவிட்டு வந்த மாமா தனக்கு வேண்டாம், வீட்டில் ஷவர் இருக்குத்தானே என்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள்.

வெள்ளிக்கிழமை காலை சொந்தக்காரர் வந்து நிறைந்தார்கள். பின்வளவில் வாழைமரமும் நிறைகுடமும் வைத்து, லக்ஷிகாவைப் பலகையில் இருத்தித் தலையில் வெள்ளைத் துணியைப் போட்டோம். அண்ணன் பட்டுவேட்டி கட்டிக்கொண்டு குசினியிலேயே நின்றார். யன்னலால் சனத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். லண்டனிலிருந்து பறந்துவந்த மாமன் ஏன் வெளியே வரவில்லை என்று பெண்டுகள் குசுகுசுக்கத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு பக்கமும் மானம் போகிறது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, போனை எடு என்றார்.

லண்டனில் பின்னேரம், வக்கீல் ஒஃபீசில்தான் இருந்தாள். தங்கையையும் அதே கோலில் எடுத்துவிட்டாள். இரண்டு முகமும் என் போனில் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன. தங்கை மெலிந்திருந்தாள். வக்கீல் அங்கே பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைதான், தட்டுத் தடுமாறினாலும் தமிழிலேயே கேட்டாள். விண்ணப்பிக்கத் தேவையில்லை என்று சொன்னது நீங்கள்தானா? அண்ணன் தொண்டையைச் செருமி, ஓம் என்றார். உங்கள் தங்கையிடம் ஜேர்மன் பாஸ்போட் இருப்பது அப்போது தெரியுமா? தெரியும் என்றார். பிறகு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டாள்.

அண்ணன் என்னைப் பார்த்தார், நான் நிலத்தைப் பார்த்தேன்.

"அந்தச் சட்டம் ஐரோப்பாக்காரருக்கு எண்டு நினைச்சிட்டன், பிள்ளை. இவள் என்ரை தங்கச்சி எல்லே."

வக்கீல் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். இது உதவும், ஆனால் முடிவு தன் கையில் இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். தங்கையின் முகம் மட்டும் போனில் நின்றது.

அண்ணன் பெருமூச்சு விட்டார். வேட்டித் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். பாரம் இறங்கிய மனிசன் மாதிரி அவருடைய பழைய குரல் திரும்பி வந்துவிட்டது. சொல்லிவிட்டேன் தானே, இனி ஒன்றும் யோசிக்காதே, எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தங்கைக்கு ஆறுதல் வேறு சொன்னார். ஏதோ தன் சட்டைப்பையிலிருந்து எடுத்து வரம் கொடுத்தவர் போல. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் போனை எடுத்து அவர் தலையிலேயே போட்டிருப்பேன். அதற்குள் தங்கை வாய் திறந்தாள். சின்ன வயதிலிருந்து அண்ணனை எதிர்த்து ஒரு சொல் சொல்லாதவள்.

"அண்ணை, அண்டைக்கு ஆர் போகவேணும் எண்டு நினைச்சு வோட்டுப் போட்டனீங்கள்?"

"உன்னை நினைச்சுப் போடேல்லைப் பிள்ளை. சத்தியமா."

"ஓம். உங்கடை வீட்டுக் குசினிக்கைதான் நிண்டனான். என்னை நினைக்கேல்லை."

அண்ணன் ஏதோ சொல்ல வந்தார். அவள் விடவில்லை. குரல் உயரவுமில்லை, அழவுமில்லை.

"லக்ஷிகா பாவம், காத்துக்கொண்டு இருக்கிறாள். போய்த் தண்ணியை வார்த்துவிடுங்கோ. என்ரை தக்ஷிகா பெரியவளானால் நீங்கள் வரவேண்டாம் அண்ணை. நான் லண்டனிலை இருந்தாலும் சரி, ஜேர்மனியிலை இருந்தாலும் சரி."

போனை வைத்துவிட்டாள்.

அண்ணன் இருட்டான போனையே பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே யாரோ நேரமாகிறது என்று கூப்பிட்டார்கள். அவர் என் பக்கம் திரும்பினார். அவளுக்கு நீ எடுத்துச் சொல், உன் சொல்லைக் கேட்பாள் என்று கண்ணாலேயே கெஞ்சினார். எங்கள் வீட்டில் சண்டை வந்தால் சமாதானம் செய்து வைக்கிறவள் நான்தான். செம்பை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். தங்கைக்கு நான் போன் எடுக்கவில்லை.