பதினொரு குளியலறைகள்

அன்று காலை பிணவறைக்குப் பின்னால் இருந்த ஆவண அறையில் நான்கு பேர் இருந்தார்கள். பழைய மரணக் கோப்புகளைப் படித்து ஆராய வந்திருந்த பெண் டாக்டர். அவருக்கு மேஜை துடைத்துக் கொடுத்த பிணவறை ஊழியர்; ஆள் ஈர்க்குச்சி, கூப்பிடுவது மட்டும் பயில்வான் என்று. பதினாறு வருடமாக அந்தக் கோப்புகளை எழுதி மூடும் எழுத்தர். நான்காவதாக, வந்திருக்கவே கூடாத ஆள்: எழுத்தரின் அக்கா.

இறந்தவர்களின் வீடுகளுக்குக் கடிதம் அனுப்பச் சொல்லியிருந்தார் டாக்டர். மொத்தம் பதினொன்று. எழுத்தர் பத்துதான் அனுப்பினார். மிச்சமிருந்த வீட்டுக்கு டாக்டரே போன் போட்டுவிட்டார்.

"பதினொண்ணும் குளியலறைச் சாவு," என்றார் டாக்டர், கோப்புகளைத் தேதி வரிசையில் பரப்பியபடி. "பதினொண்ணும் குளிர்காலம். போலீஸ் குறிப்புல பார்த்தா கேஸ் ஹீட்டர், சாத்தின ஜன்னல். ஆனா மரணக் காரணம் மட்டும் எல்லாத்துலயும் 'இதயம் நின்றது'."

"இங்க வர்ற எல்லாருக்கும் இதயம் நின்னுதான் மேடம் இருக்கும்," என்றார் பயில்வான். "ஓடிக்கிட்டிருந்தா நான் உள்ளயே விடமாட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்து சேர நாலைந்து மாதம் ஆகும். மூன்று மாதத்துக்கு மேல் ஒரு கோப்பு மூடாமல் கிடந்தால் மேலிடம் உயிரை எடுக்கும். எனவே எழுத்தர் 'இதயம் நின்றது' என்று எழுதி நீட்டுவார். பிணவறை டாக்டர்கள் படிக்காமலே கையெழுத்துப் போடுவார்கள். பிந்தி வரும் முடிவுகள் கயிறு கட்டி அலமாரியின் மேல்தட்டுக்குப் போகும். பொய் எழுதுகிறோம் என்று எழுத்தருக்கு ஒருநாளும் உறுத்தியதில்லை. அத்தான் சாகும்வரை.

அக்கா டாக்டரைப் பார்த்துத்தான் பேசினாள். "அன்னிக்குக் காலையில அவரை வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன்மா. பதில் பேசாம குளிக்கப் போனார். மூணு வருஷமா நான்தான் அவரைக் கொன்னுட்டேன்னு நினைச்சுக்கிட்டிருக்கேன். அது நெஞ்சுவலி இல்லையா?"

"ரத்த முடிவு கிடைச்சாத்தான் உறுதியா சொல்ல முடியும். அது கோப்புல இல்ல."

அந்தத் தாளை எலி கடித்துவிட்டது என்று எழுத்தர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அந்த அறையில் எல்லாரும் நம்பியிருப்பார்கள். அக்காவும் காலம் முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டிருப்பாள். எழுத்தர் முக்காலியில் ஏறினார். மேல்தட்டிலிருந்த தாள் கட்டை இறக்கி, கயிற்றை அவிழ்த்து, நடுவிலிருந்து ஒரு தாளை உருவி மேஜையில் வைத்தார்.

டாக்டர் படித்தார். "ஹீட்டர் விட்ட விஷவாயு. ரத்தம் முழுக்க அதான். நீங்க திட்டினதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா."

அக்கா அழவில்லை. தாள் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இத்தனை தாள் இருக்கு. நீ தேடாமலே எடுத்துட்டியேடா."

எழுத்தர் அவிழ்த்த கயிற்றை மறுபடி கட்டப் போனார்.

"எப்போ படிச்சே?"

"அத்தான் போய் நாலு மாசத்துல."

"அதுக்கப்புறம்தானே எங்க வீட்டு கேஸ் ஹீட்டரைக் கழட்டிட்டு கரண்ட்டுல ஓடுற ஹீட்டர் மாட்டிக் கொடுத்தே? தம்பின்னா இப்படி இருக்கணும்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

"அதைச் சொன்னா மத்ததையும் சொல்லணும் அக்கா. முன்னாடி எட்டுப் பேரோட முடிவும் இதே கட்டுலதான் இருந்துச்சு. ஒண்ணையாவது பிரிச்சுப் பார்த்திருந்தா..." முடிக்கவில்லை.

அக்கா கோப்புகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். ஒன்பதாவதில் அவள் கணவர். விரல் அங்கே நிற்கவில்லை. பத்து. பதினொன்று.

"தேதியைப் பாரு, இவங்க ரெண்டு பேரும் நீ படிச்சதுக்கு அப்புறம். இவங்க வீட்டுக்கு யாருடா ஹீட்டர் வாங்கிக் கொடுத்தா?"

பயில்வான் துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தார். டாக்டர் கட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

அக்கா வெளியே நடந்தாள். எழுத்தர் விடுப்புகூடச் சொல்லாமல் பின்னாலேயே போனார். இருபது நிமிட நடை. அவள் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. வீட்டு வாசலில் கதவைத் திறந்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"சாவி."

அத்தான் இறந்த அதே வாரத்தில் அவள் கொடுத்து வைத்திருந்த மாற்றுச் சாவி அது. வளையத்திலிருந்து அதைக் கழற்ற அவருக்கு நகம் பிடிக்கவில்லை. அவள் காத்திருந்தாள். வாங்கிக்கொண்டாள். உள்ளே போனாள். அவள் முதுகுக்குப் பின்னால் கதவு மூடிக்கொண்டது. பூட்டு இரண்டு முறை திரும்பியது.