தேன் ஜாடியில் நின்ற கரண்டி

மேசை இழுப்பறையைத் தரையில் கவிழ்த்துத் தேடியும் கரண்டி கிடைக்கவில்லை. நான்கு மணிக்கு வண்டி வந்துவிடும். கூடத்தில் அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு படுத்திருந்தார். சட்டைப் பையில் கரண்டி இல்லாமல் அவரை அனுப்பக் கூடாது என்று தம்பி ஒற்றைக்காலில் நின்றான்.

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. தேயிலைக் கம்பெனியில் முப்பத்தாறு வருஷம் ருசி பார்க்கும் வேலையில் இருந்த மனிதர். குழிந்த அந்த வட்டக் கரண்டியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டுதான் கல்யாண வீட்டுக்கும் போவார். டீயை அள்ளி அவர் உறிஞ்சும் சத்தம் தெருமுனைக்குக் கேட்கும். கம்பெனியில் அவருக்கு வைத்திருந்த பெயரே 'உறிஞ்சி'தான். அதைச் சொல்லி அவரே சிரிப்பார்.

மூத்தவள் இன்னும் அழவில்லை. விடியும்போது அப்பாவின் மூச்சு நின்றதிலிருந்து டாக்டரை அழைத்ததும், உறவுக்காரர்களுக்குச் சொன்னதும், வண்டிக்கு ஏற்பாடு செய்ததும் அவள்தான். பதற்றம் அவளுக்கு ஒத்துவராது. உணவுப் பரிசோதனைக் கூடத்தில் தலைமைப் பரிசோதகர். ஒவ்வொரு செடியும் தன் சாற்றில் தனக்கென்று சில பொருட்களை வைத்திருக்கிறது. தேனீயின் வயிற்றுக்குள் போய் வந்தாலும் அதன் தடயம் தேனில் நிற்கும். அந்தத் தடயத்தைப் பிடித்து, இது எந்தப் பூவின் தேன், இது எந்த மலைத் தேயிலை என்று சொல்வது அவள் தொழில். சொன்னால் சொன்னதுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படிச் சொன்னதில் ஒன்று அப்பாவின் தேன். ஓய்வுக்குப் பிறகு அவர் வீட்டுக்குப் பின்னால் ஆறு தேன்பெட்டிகள் வைத்திருந்தார். சுற்றிலும் தைலமரங்கள். தைலமரப் பூவிலிருந்து மட்டும் வந்த தேன் என்று லேபிள் ஒட்ட, தேனீ வளர்ப்போர் சங்கம் சான்று கேட்டது. மாதிரி பாட்டில்கள் அவளிடம் பெயர் இல்லாமல் வெறும் எண்ணோடுதான் வரும். ஒரு பாட்டிலில் தேயிலைக்கே உரிய தியானின் என்ற பொருளும், கூடவே கஃபீனும் இருந்தன. தேயிலைப் பூவின் தேன் கலந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அந்த எண் யாருடையது என்று தெரிந்தது. அப்பாவுக்கென்று தனிச் சட்டமா என்று அவள் மாற்றவில்லை. சங்கம் பட்டியலிலிருந்து அப்பாவின் பெயரை அடித்தது.

அப்பா கோபப்படவில்லை. ஒரே ஒரு தடவைதான் கேட்டார்.

"இங்க முப்பது மைல் சுத்தளவுல ஒரு தேயிலைச் செடி கெடையாது. என் தேனீ என்ன, பஸ் ஏறிப் போயிட்டு வந்துச்சா?"

"மெஷின் பொய் சொல்லாதுப்பா."

"சொல்லாது, சொல்லாது," என்று தலையாட்டிவிட்டு டீ போடப் போய்விட்டார். அதன் பிறகு அந்தப் பேச்சே எடுக்கவில்லை. அவர் வாதாடாததையே அவள் ஒப்புதலாக எடுத்துக்கொண்டாள். எங்கேயோ வாங்கிய தேனைக் கலந்திருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அவர் கையால் டீ குடித்தபோதெல்லாம் மனசுக்குள் அவரை மன்னித்துக்கொண்டிருந்தாள்.

கரண்டி சமையலறையில் இருந்தது. அலமாரியின் மேல்தட்டில், அவருடைய தேன் ஜாடிக்குள் நட்டுவைத்ததுபோல் நின்றது. நேற்றுச் சாயங்காலம் அவரே வைத்தது. அவள் அதை வெளியே எடுத்தாள். தேன் வழிந்தது. அதன் அடியில், கரண்டியின் குழிவு முழுக்கப் பழுப்பாக டீக்கறை.

ஒரு மடக்கு டீ, அதே கரண்டியால் கொஞ்சம் தேன், மறுபடி ஒரு மடக்கு டீ. அப்படித்தான் அப்பா தேன் ருசி பார்ப்பார். டீ நாக்கைத் துடைத்துவிடுமாம். சின்ன வயதிலிருந்து பார்த்த காட்சி.

அவள் கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். பரிசோதனையின்போது மகரந்தத்துக்காக நுண்ணோக்கியிலும் பார்த்திருந்தாள். தேயிலை மகரந்தம் ஒன்றுகூட இல்லை. அதை நோட்டில் எழுதினாள். வடிகட்டியிருப்பார்கள் என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டு அறிக்கையில் சேர்க்காமல் விட்டுவிட்டாள்.

அம்மா பின்னால் வந்து நின்றாள்.

"மாதிரி பாட்டில்ல தேனை யாரும்மா ஊத்தினது?"

"அவர்தான். அந்தக் கரண்டியாலதான்," என்றாள் அம்மா. "நீ சொல்லிட்டுப் போன அன்னைக்கே கண்டுபிடிச்சிட்டார். பொண்ணு சரியாத்தான் பார்த்திருக்கா, பாட்டில்ல டீ இருந்திருக்குன்னு சிரிச்சார்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

அம்மா ஜாடியை மூடினாள். "அந்த மாசம்தான உன்னைத் தலைமையா போட்டாங்க. டீத்தண்ணிக்கும் டீப்பூவுக்கும் வித்தியாசம் தெரியலையான்னு உன்னைக் கேப்பாங்களாம். லேபிள் போனா போகட்டும், அவ பேரு நிக்கட்டும்னார்."

அவளுக்கு வெட்கமாக இருந்தது. பொய் சொன்னார் என்று நினைத்து இரண்டு வருஷம் அவரை மன்னித்தவள் அவள்.  குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். கரண்டியைக் கழுவவில்லை.

கூடத்தில் சங்கச் செயலாளர் வந்திருந்தார். அப்பாவின் கால்மாட்டில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, நல்ல மனுஷன், ஏதோ ஒரு தடவை தவறிட்டார் என்று பக்கத்தில் இருந்தவரிடம் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"அவர் தவறல சார். நான்தான் தவறினேன். அந்த ரிப்போர்ட் தப்பு."

 செயலாளர் தர்மசங்கடத்தோடு அம்மாவைப் பார்த்தார்.

"இப்ப எதுக்கும்மா அதெல்லாம்? அவரே ஒண்ணும் சொல்லலியே."

"அவர் சொல்ல மாட்டார். தேயிலை மகரந்தம் இல்லன்னு பார்த்தும் நான் எழுதாம விட்டேன். நாளைக்கு எழுத்துல அனுப்பறேன், என் ஆபீசுக்கும் ஒரு பிரதி போகும். அந்த வருஷம் அப்பா எடுத்து வச்ச தேன் அடை ஒண்ணு, தேனீ மெழுகால மூடினபடியே பரண்ல இருக்கு. நீங்களே எடுத்து வேற பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புங்க. யார் வேணும்னாலும் பார்க்கட்டும், தைலமரம்தான் வரும்."

வேலை போய்விடுமே அக்கா என்று தம்பி காதோரம் முணுமுணுத்தான். போகாது, போனாலும் பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.  செயலாளர் நோட்டை எடுத்துத் தேதி போட்டு எழுதிக்கொண்டார்.

வெளியே வண்டி வந்து நின்றது. தம்பி அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கிக் குழாயடிக்குத் திரும்பினான்.

"கழுவாத. குடு," என்றாள்.

அவளே குனிந்து அதை அப்பாவின் சட்டைப் பையில் செருகினாள். வெள்ளைத் துணியில் ஒரு பழுப்புப் பொட்டு ஊறி மெல்லப் பெரிதானது. துடைக்கத் துண்டோடு வந்த அம்மா, பார்த்துவிட்டு, துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.