இரண்டரைப் பேணித் தண்ணீர்

கௌசலா ரீச்சரின் வகுப்பில் விடை சரியாக இருந்து அலகு எழுதாவிட்டால் பூச்சியம்தான். பாதிப் புள்ளி, பாவம் பார்த்துப் புள்ளி என்ற கதைக்கே இடமில்லை. "ஐஞ்சு எண்டால் என்ன? ஐஞ்சு மாம்பழமோ, ஐஞ்சு மாடோ?" என்று கேட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். கிளிநொச்சிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் படிப்பிக்க வந்து ஒன்பது வருஷம். வந்த முதல் தவணையே 'அலகு ரீச்சர்' என்று பெயர் விழுந்துவிட்டது. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? அவளும் மூடப் பார்க்கவில்லை.

பிள்ளைகளுக்குத் தெரியாத ஒன்றும் இருந்தது. ஆய்வுகூடத்தில் தனியாக நின்று தண்ணீர் அளக்கும்போது அவளுக்கு ஒரு சத்தம் கேட்கும். வறண்ட சின்ன உதடுகள் கரண்டியை உறிஞ்சும் சத்தம். குழாயை மூடிய பிறகும் கொஞ்ச நேரம் கேட்கும். பேய் பிசாசை நம்புகிற ஆளில்லை அவள். அந்தச் சத்தம் யாருடையது என்று நன்றாகத் தெரிந்தவளுக்குப் பேய் எதற்கு?

அவன் பெயர் கோகுலன். வயது எட்டு மாதம்.

சண்டையின் கடைசி மாதங்களில் மாத்தளன் கடற்கரையில் தறப்பாள் துணியைக் கூரையாகக் கட்டிய கொட்டில் ஒன்றை வைத்தியசாலை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கௌசலாவுக்கு அப்போது பதினெட்டு. இரசாயனவியல் புத்தகம் இடம்பெயர்ந்த வழியில் எங்கோ விழுந்துபோயிருந்தது. காயங்களுக்குத் துணி கிழித்துக் கொடுக்கும் வேலைக்கு வந்தவளை, வயிற்றோட்டக் குழந்தைகளின் பக்கம் அனுப்பினார்கள். அவர்களுக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்புச்சீனிப் பக்கற்றுகள் முடிந்த அன்று தாதி ஓடிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள். ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீர். மருந்துக் கரண்டியால் மட்டமாக அரைக் கரண்டி உப்பு, ஆறு கரண்டி சீனி.

ஒரு லீற்றரை எதில் அளப்பது? போத்தல் என்று ஒன்று அந்த மணலில் இல்லை. காலடியில் வெறும் பால்பேணி ஒன்று கிடந்தது. கட்டிப்பால் வரும் தகரப்பேணி. அதன் தாளில் நானூறு கிராம் என்று இருந்தது. ஆயிரத்தை நானூற்றால் பிரித்தால் இரண்டரை. பாதிக்கு உள்ளே ஆணியால் ஒரு கோடு கீறினாள். அந்த நேரத்தில், அந்தச் சாவுக்கு நடுவில், அவளுக்குத் தன் மூளையை நினைத்துப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையைத்தான் பிறகு அவளால் மன்னிக்க முடியவில்லை.

முதலில் கரைத்துக் கொடுத்தது வட்டக்கச்சியிலிருந்து வந்த தயாளினிக்கு, கோகுலனின் தாய்க்கு. இரண்டரைப் பேணியையும் ஒரு சட்டியில் ஊற்றி, பேணியையும் கையில் கொடுத்தாள். முதல் கரண்டியைக் கோகுலன் அவள் கண் முன்னாலேயே உறிஞ்சினான்.

"ஏன் தங்கச்சி உப்புப் போடுறது?" என்று தயாளினி கேட்டாள்.

"வயித்தாலை போகேக்கை உடம்பின்ரை உப்பெல்லாம் வெளியாலை போகுது அக்கா. அதைத் திருப்பிக் குடுக்கத்தான்."

பரீட்சை விடை மாதிரி அழகாகச் சொன்னாள். மூன்றாம் நாள் தயாளினி வந்து கொட்டில் வாசலில் நின்றாள். கையில் ஒரு சிறிய சீலைப் பொட்டலம். அதைப் புதைக்கக் கடற்கரைப் பக்கம் நடந்தாள்.

பல்கலைக்கழகத்தில் முதலாம் வருஷம் அடர்த்தி அளக்கும் பரிசோதனை வந்தது. கிராம் என்பது நிறைக்கு, மில்லிலீற்றர் என்பது கனவளவுக்கு. கட்டிப்பால் தண்ணீரைவிடப் பாரம். நானூறு கிராம் பால் நிறைந்த பேணிக்குள் நானூறு மில்லிலீற்றர் தண்ணீர் பிடிக்காது. பிடிக்கவே பிடிக்காது. அப்படியென்றால் தண்ணீர் குறைந்திருக்கிறது, உப்பு கூடியிருக்கிறது. உப்புக் கூடினால் கைக்குழந்தை தாங்காது. அன்று அவள் கண்ணாடிக் குழாயை மேசையில் வைத்துவிட்டு பரிசோதனையை முடிக்காமலே வெளியே போனாள்.

எவ்வளவு கூடியது? இரண்டு வரிக் கணக்கு. அதை அவள் இத்தனை வருஷம் செய்யவில்லை. பேணி கடையில் விற்காமலா போயிற்று? இப்போது வருகிற பேணி வேறு அளவு, அந்தப் பேணி கிடைக்காது என்று தனக்குத்தானே சாக்குச் சொன்னாள். ஊரிலுள்ள பிள்ளைகளையெல்லாம் அலகு அலகு என்று விரட்டிய ரீச்சர், தன் கணக்கைத் தொடப் பயந்தாள். மடியில் கனம் இருக்கிறவளுக்குத்தானே வழியில் பயம்.

இந்த வருஷம் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தாள். வீட்டில் அளக்கிற ஏதாவது பாத்திரத்தைக் கொண்டுவர வேண்டும். அதில் எத்தனை மில்லிலீற்றர் பிடிக்கும் என்று அளந்து, பிறகு லீற்றருக்கு மாற்ற வேண்டும். நஃப்லா அரிசி அளக்கிற கொத்தைக் கொண்டுவந்தாள். நிரஞ்சன் தகப்பன் வயலுக்குக் களைநாசினி அளக்கிற மூடியைக் கொண்டுவந்து நீட்ட, "முதல் போய்க் கையைக் கழுவு!" என்று கௌசலா போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பும் அடங்கியது.

தனுஷா என்ற பிள்ளை துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். விளிம்பில் துருவேறிய பால்பேணி.

"இது எங்கட அண்ணாவுக்குத் தண்ணி குடுத்த பேணி ரீச்சர். நான் பிறக்க முதலே அவர் செத்திட்டார். அம்மா அலுமாரிக்குள்ளை பூட்டி வைச்சிருக்கிறவா. கேக்காமல்தான் எடுத்தந்தனான்."

"எந்த ஊர் நீ?"

"வட்டக்கச்சி."

கௌசலா பேணியைத் திருப்பி உள்ளே பார்த்தாள். ஆணிக் கீறல் அப்படியே இருந்தது. அவளுடைய கீறல். ஆனாலும் முப்பது சோடிக் கண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது ரீச்சர் என்ன செய்ய முடியும்? "அள" என்றாள்.

தனுஷா பேணியை விளிம்பு வரை நிரப்பி, சிந்தாமல் அளவுச்சாடியில் ஊற்றினாள். கண்ணை நீர்மட்டத்துக்கு நேரே வைத்து, அடிவளைவைப் பார்த்து வாசித்தாள். "முந்நூற்றி ஐஞ்சு மில்லிலீற்றர், ரீச்சர்." பேணியைப் பின்னேரம் வந்து எடுக்கச் சொல்லிவிட்டுக் கௌசலா மணி அடிக்குமுன்பே வகுப்பைக் கலைத்தாள்.

பள்ளிக்கூடம் விட்டபிறகு கதவைச் சாத்திக்கொண்டு கரும்பலகைக்கு முன்னால் நின்றாள். ஒன்றை மட்டும் முடிவெடுத்திருந்தாள். கணக்குப் பிழையென்று வந்தால் வட்டக்கச்சிக்குப் போய் அந்தத் தாயின் காலில் விழுவது. இனி ஒளிக்க முடியாது.

அரைக் கரண்டி உப்பு மூன்று கிராம். ஒரு மூல் உப்பு ஐம்பத்தெட்டரை கிராம், அதால் பிரித்தால் ஐம்பத்தொரு மில்லிமூல். இரண்டரைப் பேணி எழுநூற்று அறுபத்திரண்டரை மில்லிலீற்றர். லீற்றருக்கு அறுபத்தேழு மில்லிமூல்.

அவள் இன்னொரு தரம் செய்தாள். அறுபத்தேழு. ஆசுப்பத்திரிப் பக்கற்றைச் சரியாகக் கரைத்தாலே சோடியம் எழுபத்தைந்து இருக்கும். பேணி சின்னதுதான், கணக்கும் பிழைதான், ஆனாலும் தண்ணீர் நல்ல தண்ணீர். அவள் கோகுலனைக் கொல்லவில்லை.

நாற்காலியைத் தேடாமல் நிலத்திலேயே இருந்துவிட்டாள். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. எழுந்து குழாயைத் திறந்து காது கொடுத்தாள். தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான்.

அப்போது கதவு தட்டப்பட்டது. வேர்க்க வேர்க்கச் சைக்கிள் உழக்கி வந்த ஒரு பெண்ணும், பின்னால் தலையைக் குனிந்தபடி தனுஷாவும்.

"ரீச்சர், குறை நினையாதேங்கோ. இவள் என்னட்டைக் கேக்காமல் ஒரு சாமானை எடுத்தந்திட்டாள். அந்தப் பேணியைத் தாங்கோ" என்றவள் சட்டென்று நின்றாள். தலைமயிர் நரைத்திருந்தது. ஆனால் தயாளினிதான். அவளும் கௌசலாவின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நீங்கள் மாத்தளனிலை நிண்ட பிள்ளையெல்லோ?"

"ஓம் அக்கா."

மேலே என்ன பேசுவது என்று யோசிக்கிற பொறுமை கௌசலாவிடம் இல்லை. இத்தனை வருஷப் பாரம் இறங்கிய சந்தோஷம் வாயைத் திறக்க வைத்தது. "அக்கா, நான் இவ்வளவு காலமும் பயந்து செத்தனான். நான் கரைச்சுத் தந்த தண்ணியிலை உப்புக் கூடிப்போச்சோ எண்டு. இப்பதான் அளந்து பாத்தனான். எல்லாம் சரி அக்கா! அந்தத் தண்ணியிலை ஒரு பிழையும் இல்லை!"

தயாளினியின் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. பிள்ளைகளின் வாங்குப் பலகையில் மெல்ல இருந்தாள்.

"அப்ப நீங்கள் தந்தது சரிதானோ?"

"ஓம்."

"வடிவாத் தெரியுமோ?"

"ஓம் அக்கா."

"அப்ப நான்தான்" என்றாள் தயாளினி.

அவளே தொடர்ந்தாள். "அவனுக்கு நிக்காமல் போய்க்கொண்டிருந்தது. உடம்பின்ரை உப்பெல்லாம் வெளியாலை போகுது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். இவ்வளவு போகுதே, அரைக் கரண்டி எங்கை காணும் எண்டு நினைச்சன். பக்கத்துப் பங்கரிலை பதுங்கியிருந்த சனத்திட்டை உப்பு வாங்கி, பேணிக்குப் பேணி ஒவ்வொரு கரண்டி போட்டன். பிறகு முகாமிலை ஒரு மருத்துவிச்சி சொன்னவா, கைப்பிள்ளைக்கு உப்புக் கூடினால் செத்துப்போகுமாம். அண்டையிலிருந்து நித்திரை இல்லை. ஒருவேளை உங்கட பிழையா இருக்குமோ எண்டும் நினைச்சன். பாவம்தான், ஆனால் அப்பிடி நினைச்சால்தான் கொஞ்சம் மூச்சு விடலாம்."

தனுஷா கொப்பியைத் திறந்திருந்தாள். தாய்க்கு உதவுகிறேன் என்றுதான் நினைத்திருக்க வேண்டும். "ஒரு கரண்டி எண்டால் ஆறு கிராம் வரும் ரீச்சர். முந்நூற்றி ஐஞ்சு மில்லிலீற்றருக்கு..." பேனை நகரத் தொடங்கியது.

கௌசலாவுக்கு அந்தக் கணக்கு மனத்துக்குள் ஏற்கெனவே முடிந்துவிட்டது. நானூற்றுக்கு மேல். கடல்தண்ணீருக்குக் கிட்ட. இதைத் தாய்க்கு மகள் வாசித்துக் காட்டப் போகிறாள், அலகோடு, ரீச்சர் படிப்பித்த மாதிரியே. உப்பு வெளியே போகிறது என்று சொன்ன வாய் யாருடையது?

"பொறு" என்றாள். பிறகு தயாளினியைப் பார்த்தாள். "அக்கா, அந்தத் தண்ணியை நீங்கள் நாக்கிலை வைச்சுப் பாத்தனீங்களோ?"

"இல்லை. சீனித் தண்ணியெல்லோ. அவனுக்கே காணாது, நான் என்னெண்டு வாயிலை வைக்கிறது?"

கௌசலா அழிப்பானை எடுத்துக் கரும்பலகையைத் துடைத்தாள். சரியாக வந்த அறுபத்தேழு போயிற்று.

"நான் பொய் சொல்லிப்போட்டன் அக்கா. அண்டைக்குச் செல் விழுந்துகொண்டிருந்தது, நான் மாறிப் போட்டிட்டன். சீனி அரைக் கரண்டி, உப்பு ஆறு கரண்டி. உங்களுக்குத் தந்த பிறகுதான் தெரிஞ்சது. பயத்திலை சொல்லேல்லை. இப்பவும் ஒளிக்கத்தான் பாத்தனான், உந்தக் கணக்கு என்னைக் காப்பாத்த நான் எழுதினது. நீங்கள் உப்புப் போட முதலே அந்தத் தண்ணி நஞ்சு."

"ஆறு கரண்டியோ?" என்றாள் தயாளினி.

"ஆறு. தனுஷா, போட்டுப் பார். முப்பத்தாறு கிராம், இரண்டரைப் பேணி."

பேனை திரும்ப ஓடியது. கிராமிலிருந்து மில்லிமூல், மில்லிலீற்றரிலிருந்து லீற்றர். ஒரு படி தவறவில்லை. "லீற்றருக்கு எண்ணூற்றி ஏழு மில்லிமூல்" என்று தனுஷா சொன்னாள். குரல் மாறியிருந்தது. தலையை நிமிர்த்திக் கௌசலாவைப் பார்த்தாள், அப்படி ஒரு பார்வையை ரீச்சர் எந்தப் பிள்ளையிடமும் கண்டதில்லை.

தயாளினி வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு நீண்ட நேரம் அழுதாள். அழுது முடித்துப் பேணியை வாங்கித் துணியில் சுற்றினாள். வாசலில் திரும்பி நின்று, "நீங்களும் அப்ப சின்னப்பிள்ளைதானே" என்றாள். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். அளவுச்சாடியைக் கழுவ கௌசலா குழாயைத் திறந்தபோது அந்தச் சின்ன உதடுகளின் சத்தம் மறுபடி கேட்டது. அவள் குழாயை மூடாமல் கேட்டுக்கொண்டு நின்றாள்.

அடுத்த நாள் காலை பாடத்துக்கு முன்னமே தனுஷா ஆய்வுகூடத்துக்கு வந்தாள். இருக்காமல் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"அம்மா நேற்றுப் படுத்தவா, விடிஞ்சு சேவல் கூவியும் எழும்பேல்லை ரீச்சர். நான் தட்டித்தான் எழுப்பினனான். எனக்கு நினைவறிஞ்சு அவா அப்பிடி நித்திரை கொண்டதேயில்லை."

கௌசலா கையிலிருந்த வெண்கட்டியைக் கீழே வைத்தாள்.

"அவா உங்களை மன்னிச்சிட்டாவாம். நான் மன்னிக்கேல்லை. ஒருநாளும் மன்னிக்கவும் மாட்டன்."

"மன்னிக்க வேண்டாம் பிள்ளை" என்றாள் கௌசலா. "போய் இரு. பாடம் துவங்கப் போகுது."