நாற்பத்தொரு பேர் மாடியேறினார்கள்

நான் தெருவை எட்டிப் பார்க்கிறேன் என்று சொல்கிறார்கள். அபாண்டம். என் நாலாம் மாடிப் பால்கனி அப்படி அமைந்துவிட்டது. எதிரே மூன்று மாடி ஹோட்டல். நடுவில் ஒரு வேன் வந்தால் இன்னொரு வேன் பின்வாங்க வேண்டும், அவ்வளவுதான் தெரு. கண்ணை மூடிக்கொண்டா துணி காயப்போட முடியும்?

அந்த ஹோட்டலின் மேனேஜர் எனக்குக் கீழ்வீட்டுக்காரர். அவர் மனைவிக்கும் அங்கேயே வேலை, தரைக்குக் கீழே இருக்கும் லாண்டரியில். இவர் டை கட்டிக்கொண்டு முன்வாசல் வழியாகப் போவார். அவள் பக்கத்துச் சந்தின் சரிவில் இறங்கிப் போவாள். ஒரே வீட்டிலிருந்து கிளம்பி ஒரே கட்டடத்துக்குப் போகிறவர்கள் வழியில் ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை.

போன மழைக்கு ஆறு பெருகி, இரண்டு தெரு தள்ளி இருந்த விடுதிக்குள் புகுந்துவிட்டது. அதிலிருந்து சுற்றுலாக் கம்பெனிகள் எல்லாம் பேரிடர் பயிற்சி முடித்த சான்றிதழ் இல்லாத ஹோட்டலுக்கு ஆளை அனுப்ப மாட்டோம் என்று ஒரே பிடியாக நிற்கின்றன. இந்த வருஷ மழையோ எந்த நிமிஷமும் கொட்டலாம் என்று தலைக்கு மேலே கறுத்து நின்றது. மேனேஜருக்குத் தூக்கம் போய், கன்னம் ஒட்டிவிட்டது.

பயிற்சி கொடுக்க ஓர் அம்மாள் வந்தார். கழுத்தில் எப்போதும் விசில். தெருவுக்கே அவர் விசிலம்மா. பத்து நாளாக அவர் போட்ட சத்தத்தில் எனக்கே பாடம் மனப்பாடம்.

"தண்ணி வந்தா வெளியே ஓடாதீங்க, மேலே ஏறுங்க. முதல்ல மெயின் சுவிட்சை அணைங்க. லிஃப்ட்டைத் தொடாதீங்க. மாடிப்படியில ஒரு தலையணைகூட கிடக்கக் கூடாது!"

தலையணையாம்! அந்த மாடிப்படி பல வருஷமாகக் கிடங்காகத்தான் இருந்தது. கால் உடைந்த கட்டில்கள், பஞ்சு பிதுங்கிய மெத்தைகள், முதுகில்லாத நாற்காலிகள். ஒத்திகை பதினொரு மணிக்கு. பத்து மணிக்கு ரூம் சுத்தம் செய்யும் இருவர் அவற்றைச் சந்தின் சரிவில் உருட்டிக்கொண்டு இறங்கினார்கள்.

"எங்கப்பா கல்யாணச் சீர் போகுது?" என்று மேலிருந்து கேட்டேன்.

"கீழ லாண்டரி வராந்தாவுக்கு அக்கா, அந்தக் கதவுல சாத்தி வச்சுடுவோம். விசிலம்மா மாடிப்படியத்தான் பார்ப்பாங்க. கண்டுக்காதீங்க."

சிரித்துவிட்டு ஈரத் துணியை உதறினேன். 

பதினொரு மணிக்கு மணி அலறியது. ஹோட்டலில் விளக்குகள் அணைந்தன. விருந்தினர்கள் படியேறி மொட்டைமாடிக்கு வந்தார்கள். ஒருவர் வாயில் பல்தேய்க்கும் பிரஷ். ஒருத்தி தலையில் துண்டு. எதையும் தூக்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியும் ஒரு பெரியவர் பெட்டியை விடவில்லை. மேனேஜர் பட்டியலைப் பார்த்து எண்ணினார்.

"நாற்பத்தொண்ணு மேடம்! எல்லாரும் வந்தாச்சு. ஏழு நிமிஷம்தான்!"

கைதட்டல். விசிலம்மா மட்டும் தட்டவில்லை.

"உங்க ஊழியர்கள்?"

"அவங்க நம்ம ஆளுங்கதானே மேடம். கணக்குல வர மாட்டாங்க."

நான் அந்தக் கூட்டத்தை ஒருமுறை பார்த்தேன். சமையல்காரர், வாட்ச்மேன், வரவேற்பறைப் பெண். மறுபடியும் பார்த்தேன். மேனேஜரின் மனைவி இல்லை. வேறெங்காவது நின்றிருப்பாள், நமக்கெதற்கு வம்பு என்று துணிக்கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பினேன். கால் நகரவில்லை. கட்டில்கள் கீழே எந்தக் கதவுக்கு முன்னால் போயின என்பது இந்தப் பக்கம் எனக்கு மட்டுமே தெரியும்.

"தம்பி! உன் பெண்டாட்டி எங்கே?" என்று கத்தினேன்.

மொட்டைமாடியே சிரித்தது. மேனேஜர் முகம் சிவந்தது. "அக்கா, இங்க ஒத்திகை நடக்குது. குடும்ப விஷயத்தை அப்புறம் பேசிக்கலாம்."

"உடைஞ்ச கட்டிலை எல்லாம் லாண்டரிக் கதவுலதான்பா சாத்தி வச்சிருக்காங்க! அந்தக் கதவு வெளிப்பக்கம் திறக்குற கதவு!"

மேனேஜர் பட்டியலைப் போட்டுவிட்டு ஓடினார். நானும் செருப்பில்லாமல் ஓடினேன்.

கீழே கும்மிருட்டு. செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால் கட்டில்மேல் கட்டில், அதன்மேல் மெத்தை. மெத்தைகள் வராந்தாவின் சாக்கடை வாயை அடைத்திருந்தன. மின்சாரம் போனதும் வாஷிங் மெஷின்கள் வயிற்றில் இருந்த தண்ணீரை எல்லாம் வெளியே விட்டிருக்கின்றன. போக வழியில்லாமல் அது கணுக்காலுக்கு மேல் நின்றது. கதவுக்குப் பின்னாலிருந்து யாரோ கையால் தட்டும் சத்தம். சத்தம்கூட இல்லை, களைத்துப்போன தட்டல்.

"இருக்கேன்! இதோ வந்துட்டேன்!" என்று மேனேஜர் கட்டில்களை இழுத்தார். கை கிழிந்து ரத்தம் வந்தது. கடைசிக் கட்டில் நகர்ந்ததும் அவள் வெளியே விழுந்தாள். டிரையர் இரைச்சலில் மணி கேட்கவில்லையாம். திடீரென்று இருட்டு, காலடியில் தண்ணீர், திறக்காத கதவு. ஆறுதான் வந்துவிட்டது என்று நினைத்திருக்கிறாள்.

அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"மேல எண்ணினீங்களே, அதுல நான் எத்தனாவது ஆளு?"

"கெஸ்ட்டை மட்டும்தான் எண்ணினேன்."

அந்த மனிதரைப் பற்றி நான் ஆயிரம் பேசியிருக்கிறேன். அந்த நேரத்தில் அவர் பொய் சொல்லவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

விசிலம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. "மூணு மணிக்கு மறுபடியும். வராந்தா காலியா இருக்கணும். பட்டியலை இவங்க கையில குடுங்க" என்று அவளைக் காட்டினார்.

"அப்ப நான் எங்க நிக்கணும் மேடம்?" என்றார் மேனேஜர்.

"லாண்டரியில. டிரையரை ஓட விட்டுட்டு உள்ள உக்காருங்க" என்றாள் மனைவி.

மூன்று மணிக்கு என்னை யாரும் அழைக்கவில்லை. போனேன். அவள் பட்டியலை முதல் வரியிலிருந்து புதிதாக எழுதியிருந்தாள். சமையல்காரர் தொடங்கி மேனேஜர் வரை ஊழியர் பதினான்கு பேர், அதன் பிறகுதான் விருந்தினர். ஒவ்வொரு தளத்துக்கும் கதவு தட்ட ஓர் ஆள் போட்டிருந்தாள். கீழ்த்தளத்துக்கு எதிரே அவள் பெயர்தான் இருந்தது.

மொட்டைமாடியில் ஆட்கள் வந்து சேரச் சேர டிக் போட்டாள். ஒரு தூறல் விழுந்தது. எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். "எல்லாரும் வந்தாச்சுல்ல?" என்று யாரோ அவசரப்பட்டார்கள்.

"இன்னும் ஆள் இருக்கு." பட்டியலை என் கையில் திணித்தாள். "பிடிங்க அக்கா. நீங்க எப்படியும் எண்ணிக்கிட்டுத்தானே இருப்பீங்க." கீழே ஓடினாள்.

ஐம்பத்துமூன்று டிக். இரண்டு இடம் காலி. விசிலம்மாவின் கையில் கடிகாரம் ஓடியது. ஐந்து நிமிஷம். ஆறு. படியில் யாரும் இல்லை.  பட்டியலின் ஓரம் என் வியர்வையில் நனைந்தது.

அப்புறம் கீழிருந்து இரண்டு குரல்கள், ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு, சண்டை போட்டபடி மேலேறி வந்தன. என்ன சண்டை என்று காதைத் தீட்டிக் கேட்கக்கூடத் தோன்றவில்லை எனக்கு. இரண்டு டிக் போட்டேன்.