நாலும் சேர்ந்து கண்ணடித்த வண்டி

வண்டியில் கெட்டுப்போயிருந்தது ஒரே ஒரு பல்பு. பின்பக்கம், இடது பக்க இண்டிகேட்டர். தெருமுனை மெக்கானிக்கிடம் விட்டிருந்தால் ஃபோனில் பேசிக்கொண்டே மாற்றிக் கொடுத்திருப்பார். ஆனால் என் அக்கா புருஷன் வீட்டில் இருக்கும்போது மெக்கானிக்கிடம் போவதாவது! அவர் லிஃப்ட் கம்பெனியில் சூப்பர்வைசர். லிஃப்டை அவர் தொட்டதே கிடையாது. தொடுகிற ஆட்கள் வேலைக்கு வந்தார்களா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. அது போதாதா? ஒயர் போகிற எதுவும் தனக்கு அத்துப்படி என்று ஒரு நினைப்பு.

அன்று அக்காவுக்கு டிரைவிங் டெஸ்ட். டெஸ்ட் எடுக்கும் அதிகாரி வண்டியைக் கிளப்பச் சொல்வதற்கு முன்னால் விளக்குகளைத்தான் பார்ப்பார். ஒன்று எரியாவிட்டாலும் திருப்பி அனுப்பிவிடுவார். கல்யாணத்துக்கு முன்னால் லேபில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தவள் அக்கா. இத்தனை வருஷம் கழித்து, வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கும் வேலை ஒன்று வந்திருந்தது. "இந்த வாரத்துக்குள்ள லைசென்ஸ் டெஸ்ட் பாஸ் பண்ணிட்டுச் சொல்லுங்க. இல்லன்னா அடுத்தவங்களைக் கூப்பிட்டுடுவோம்" என்று லேப்காரர்கள் சொல்லிவிட்டார்கள். வாரத்தில் மிச்சம் இருந்தது அந்த நாள்தான். அவளுக்குத் துணையாகப் போகலாம் என்று நான் லீவு போட்டு வந்திருந்தேன்.

வந்து பார்த்தால், மாடிப்படிக்குக் கீழே பைக் அம்மணமாக நிற்கிறது. சீட் ஒரு பக்கம், பக்கத்து மூடிகள் ஒரு பக்கம். அக்காவின் சமையலறைக் கிண்ணங்களில் திருகாணிகள். நடுவில் மாமா, முழங்கால் வரை சுருட்டிய பேண்டோடு.

"என்ன மாமா, ஒரு பல்பு மாத்த இவ்வளவு கடையா?"

"ஒரு பல்பா? நாலையும் எல்.இ.டி.யா மாத்திட்டேன். பழசெல்லாம் யாரு போடுவாங்க இப்ப?"

நல்லா இருந்த மூன்றையும் பிடுங்கிக் குப்பையில் போட்டிருந்தார். குப்பை வண்டி விடியும்போதே வந்து போய்விட்டது. எல்.இ.டி. போட்டதும் இண்டிகேட்டர் வலிப்பு வந்த மாதிரி வேகமாகத் துடித்ததாம். உடனே, 'டக் டக்' என்று சத்தம் போட்டு விளக்கை மின்ன வைக்கும் ஃப்ளாஷர் டப்பாவையும் மாற்றினாராம். வேகம் சரியாகிவிட்டது. ஆனால் இப்போது இடது பக்கம் போட்டால் நாலும் எரிகிறது. வலது பக்கம் போட்டாலும் நாலும் எரிகிறது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

"கம்பெனி டிசைனே தப்பு" என்றார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவருக்கு வண்டி செய்த கம்பெனியே கோணல்.

மாமாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வேலைக்கும் முதலில் வீடியோ பார்ப்பார். பாதி ஓடும்போதே "தெரியும், தெரியும்" என்று நிறுத்திவிட்டு ஸ்குரு டிரைவரை எடுத்துவிடுவார். வீட்டில் மிக்ஸி, கதவுப் பூட்டு, தண்ணீர்க் குழாய் எல்லாம் இந்த அரைக்கிணறு தாண்டலில் விழுந்தவைதான். முந்தின நாள் சாயங்காலமும் அப்படித்தான். அக்கா அவர் முகத்துக்கு நேராக ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அவர் பாதியில் எழுந்துவிட்டார்.

எனக்கு மாமாவைவிட அக்கா மேல்தான் எரிச்சல். டார்ச்சைப் பிடிப்பதும், துணியை நீட்டுவதும், "உங்களுக்குத் தெரியாததா" என்பதும்! இருபது வருஷமாக அந்த மனுஷனின் ஜம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்தது இவள்தான். என்னால் பார்க்க முடியவில்லை.

"மெக்கானிக்கைக் கூப்பிடுறேன்" என்றேன்.

"வேண்டாம்டி. அவர் மனசு கஷ்டப்படும்."

"உன் வேலை போனா உன் மனசு கஷ்டப்படாதா?"

அவள் டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோய்ப் பிடித்தாள். மாமா ஹேண்டில் சுவிட்சைப் பிரித்துப் பெட்ரோலில் கழுவினார். நாலும் எரிந்தது. பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினார். அப்போதும் நாலும் எரிந்தது. வலது பக்கத்துக்கு வரும் ஒயரில் டேப் சுற்றினார். ஒவ்வொரு தடவையும் "இப்ப பாரு" என்பார். நாலும் சேர்ந்து அவரைப் பார்த்துக் கண்ணடிக்கும். கிளம்ப வேண்டிய நேரம் நெருங்கியது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"இங்க பாரு, டெஸ்ட்டை அடுத்த மாசத்துக்குத் தள்ளிப் போட்டுடு. என்ன அவசரம்? நீ சம்பாதிச்சுத்தான் இங்க அடுப்பு எரியணுமா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே அவரை அடித்திருப்பேன்.

அக்கா டார்ச்சைத் தரையில் வைத்தாள். வண்டிக்கு முன்னால் வந்து, ஸ்பீடு காட்டும் மீட்டருக்கு அடியில் கையை விட்டாள். ஒரு ரப்பர் மூடியைத் தடவிப் பிடித்து இழுத்தாள். நுனியில் ஒரு குட்டி பல்பு இருந்தது. இண்டிகேட்டர் போட்டால் மீட்டரில் பச்சையாக மின்னுமே, அது. பிடுங்கிவிட்டு ஹேண்டில் சுவிட்சை இடது பக்கம் தள்ளினாள். இடது பக்கம் மட்டும் எரிந்தது. வலது பக்கம் தள்ளினாள். வலது மட்டும் எரிந்தது.

நானும் ஒரு தடவை தள்ளிப் பார்த்தேன்.

"இந்தப் பச்சை பல்பு ரெண்டு பக்க ஒயருக்கும் நடுவுல இருக்கு" என்றாள், என்னைப் பார்த்து. "பழைய பல்புன்னா ஒண்ணும் ஆகாது. எல்.இ.டி.க்குத் துளி கரண்ட் போதும். இது வழியா அந்தப் பக்கத்துக்கும் போயிடுது. வீடியோவுல கடைசியில சொன்னான்."

"அப்ப நேத்தே தெரியுமா உனக்கு?"

"தெரியும். அவரே கண்டுபிடிக்கட்டும்னு இருந்தேன்."

மாமா தொண்டையைக் கனைத்தார். "நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்."

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை.

சீட்டையும் மூடிகளையும் மாட்டி, மாமா ஓட்ட, அக்கா பின்னால் உட்கார்ந்து போனார்கள். நான் பஸ் பிடித்து டெஸ்ட் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்கா எட்டு போடும் வளைவுகளில் ஓட்டிக்கொண்டிருந்தாள். கால் தரையில் படவில்லை. ஒவ்வொரு திருப்பத்துக்கு முன்னும் அந்தந்தப் பக்கம் அழகாக மின்னியது. வாசலில் மாமா வாட்ச்மேனிடம், "நாலும் சேர்ந்து எரிஞ்சுது சார். யாராலும் கண்டுபிடிக்க முடியாத ஃபால்ட். மீட்டர்ல ஒரு பல்பு. நாமதான் பிடிச்சோம்" என்று விளக்கிக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் பாவம், தலையாட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா வந்துவிட்டாள். பாஸ். அங்கிருந்தபடியே லேபுக்கு ஃபோன் செய்து சொல்லியும் விட்டாளாம்.

மாமா வழக்கம்போலச் சாவிக்குக் கையை நீட்டினார். அக்கா சாவியைப் போட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

"பின்னாடி உக்காருங்க."

"மெயின் ரோடு. நான் ஓட்டுறேன். நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"அப்ப இவளோட பஸ்ல வாங்க."

குரலை உயர்த்தவில்லை. எரிச்சல்கூட இல்லை அதில். இருபது வருஷத்தில் நான் கேட்காத குரல். மாமா என்னைப் பார்த்தார். நான் பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவர் பின்னால் ஏறினார். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை அவருக்கு.