ஹாக்கடே பேரில் வந்த பதக்கம்

மேஜர் கெல்லண்டுக்கு நான் பதினாறு வருஷம் பணியாள். அபிசீனியாப் போரிலும் ஆப்கானிஸ்தான் போரிலும் அவர் கூடவே இருந்தேன். அதற்கு முன்பே அவர் கிரீமியாவையும் இந்தியக் கலகத்தையும் பார்த்துவிட்டவர். மார்பில் நான்கு பதக்கங்கள். எங்கள் ஊரான சவுத்ஸீயில் அந்த வரிசையைப் பார்த்துத் தொப்பியைத் தொடாத ஆளில்லை.

அவருக்கு ஒரே மகன், கில்பர்ட். பட்டாள அதிகாரிகளுக்கான பரீட்சையில் இரண்டு தடவை தோற்றான். இரண்டாவது முடிவு வந்த காலை, மேஜர் முட்டையை உடைத்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "பட்டாளத்துச் சட்டை போடாம இந்த வீட்டு வாசலை மிதிக்காதே."

மத்தியானத்துக்குள் பையன் கிளம்பிவிட்டான். மேஜரின் மனைவி ஹானர் அம்மா வெளிக்கதவு வரை அவன் கையைப் பிடித்துக்கொண்டு போனார். அப்புறம் ஒரு கடிதம்கூட இல்லை.

1879 மே மாதம், கைபர் கணவாயில் தண்ணீர் பிடிக்க நின்ற வேறொரு படைப்பிரிவின் சிப்பாய்களுக்கு நடுவே அவனைப் பார்த்தேன். வெயிலில் தோல் உரிந்து, மீசை வைத்திருந்தான்.

"சின்னய்யா!" என்றேன்.

"யோவ் பெதிக், மெதுவா! சின்னய்யாவாம். நான் ஹாக்கடே, வெறும் சிப்பாய்."

ஹாக்கடே அவன் அம்மா பிறந்த வீட்டுப் பேர்.

"அப்பாகிட்ட வாங்க. முந்நூறு கஜம்கூட இருக்காது."

"அவர் சொன்ன சட்டையைப் போட்டுட்டேன். ஆனா இந்தச் சட்டையை அவர் நினைச்சிருக்க மாட்டார்." சிரித்தான். "அவர் காலத்துல காசு குடுத்தா பதவி. எனக்கு மட்டும் கணக்குப் பரிட்சை! சார்ஜெண்ட் ஆனதும் நானே வந்து சல்யூட் அடிக்கிறேன். அதுவரைக்கும் வாயைத் திறக்கமாட்டேன்னு சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அதற்கப்புறம் நாலைந்து தடவை பார்த்திருப்போம்.

ஜூனில் படை பெஷாவருக்குத் திரும்பியது. வழியில் காலரா. நடந்துகொண்டிருந்தவன் உட்காருவான், எழுந்திருக்க மாட்டான். ஒரு முற்பகல், வறண்ட ஓடையருகே கம்பளியில் சுற்றிய மூன்று உடல்களைப் புதைக்க வேண்டியிருந்தது. பாதிரியாருக்கும் காய்ச்சல். பக்கத்தில் இருந்த அதிகாரி மேஜர்தான். ஜெபப் புத்தகத்தைத் திறந்து நாலு வரி படித்தார். ஈ மொய்த்தது. பின்னால் படை காத்து நின்றது.

"போதும், மண்ணைத் தள்ளுங்க," என்றார்.

அடுத்த முகாமில் கில்பர்ட் இருந்த பிரிவின் கார்ப்பரல் ஒருவன், ஓடையருகே புதைத்த மூவரில் ஹாக்கடேயும் ஒருவன் என்றான்.

மேஜரின் கூடாரத்துக்குப் போனேன். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன?"

"பூட்ஸ் துடைச்சாச்சு ஐயா," என்றேன். அன்றைக்குச் சொல்லாததை அப்புறம் எந்த நாளிலும் சொல்ல முடியவில்லை.

பட்டாளத்தில் சேரும்போது உறவு என்று அம்மா பேரைத்தான் அவன் எழுதிக் கொடுத்திருந்தான். ஆனால் சாவுச் செய்தி வீட்டுக்கும் வந்து சேரவில்லை. அந்த வருஷம் வீட்டைப் பூட்டிவிட்டு அம்மா தன் அக்காவோடு இருந்தார். கடிதம் எங்கே போனதோ.

இரண்டு வருஷம் கழித்து, இலையுதிர் காலத்தில், அம்மா பேருக்கு ஒரு சின்னப் பெட்டி வந்தது. உள்ளே ஆப்கானிஸ்தான் பதக்கம். மேஜர் அதைத் திருப்பி, விளிம்பில் பொறித்திருந்த பேரைப் படித்தார்.

"சிப்பாய் ஜி. ஹாக்கடே. யாரிது? உன் அண்ணன் பையனா?"

"எங்க அண்ணனுக்குப் பொண்ணுங்கதான்," என்றார் அம்மா. பிறகு, "ஜி," என்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

தேநீர்த் தட்டை வைக்காமலே நான் வாசல் பக்கம் திரும்பினேன். அம்மா அதைப் பார்த்துவிட்டார்.

"பெதிக், உனக்குத் தெரியும்."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் பிடித்த இடம், சத்தியம், ஓடை. மேஜர் பதக்கத்தை மேஜைமேல் வைத்தார்.

"மூணு பேர்ல எவன்?"

"தெரியலைய்யா. கம்பளி மூடியிருந்துது."

"பாதி ஜெபத்தை விட்டுட்டேன்," என்றார். எழுந்து தோட்டத்துக்குப் போனார்.

என்னைத் துரத்திவிடுவார்கள் என்று நினைத்தேன். துரத்தவில்லை. ஞாயிறுதோறும் தேவாலயத்துக்குப் போய்வந்ததும் அம்மா என்னை உட்காரவைத்துக் கேட்பார். இளைச்சிருந்தானா? யார்கூடச் சிரிச்சுப் பேசினான்? நான் வாயைத் திறக்கும்போதே மேஜர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். ஒரு ஞாயிறு, கதவுவரை போனவர் நின்றார்.

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டானா?"

"உங்க முட்டி வலி குளிருக்கு இன்னும் படுத்துதான்னு கேட்டார் ஐயா. பார்க்கும்போதெல்லாம் கேப்பார்."

"நீ என்ன சொன்னே?"

"சுத்தமா விட்டுப்போச்சுன்னு சொன்னேன்."

"பொய் சொல்லியிருக்கே."

"ஆமாய்யா."

தொப்பியோடே நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா தன் கையை அவர் தோளில் வைத்தார்.

மறுவாரம் என்னைக் கூப்பிட்டு மேஜைமேல் ஒரு தாளை விரித்தார். அம்மாவுக்கு அந்த இடத்தை வரைந்து கொடுக்க வேண்டுமாம். பாதையும் ஓடையும் போட்டாயிற்று. கரையில் ஒரு முசுக்கட்டை மரம் நின்றது இருவருக்கும் நினைவிருந்தது.

"குழிக்கு இடப்பக்கம்," என்றார் அவர்.

"வலப்பக்கம் ஐயா. நான் அதுல சாய்ஞ்சு நின்னேன்."

"நான் அதைப் பார்த்துத்தானே படிச்சேன்!"

அந்தக் குளிர்காலம் முழுக்க வரைந்தோம், அழித்தோம். கடைசிவரை ஒத்துவரவில்லை. மேஜர் இரண்டு தாள்களாக வரைந்து கொடுத்தார். அம்மா இரண்டையும் வாங்கிவைத்துக்கொண்டார்.